கால்சியம் கூடுதல் என்பதற்காகக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்யலாமா?

நீங்கள் கேட்டதன் சாரம் இது. அம்மாவுக்கு 61 வயது. பலதுறை மருந்தகத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் கூடுதலாக 2.74 மில்லிமோல் என்று வந்ததால் மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே பாராதைராய்டு ஹார்மோன் 6.2, அந்த ஆய்வகத்தின் அளவு 1.6 முதல் 6.9 வரை. கழுத்து ஸ்கேனில் "ஏதோ இருக்கலாம்" என்று சொல்லி, ஆபரேஷனுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. தஞ்சாவூரில் இருக்கும் பெரியம்மாவுக்கு இதே ஆபரேஷன் நடந்தும் கால்சியம் இறங்கவில்லை. இங்கே சிங்கப்பூரில் உங்கள் தம்பிக்கும் கம்பெனி ஹெல்த் ஸ்கிரீனிங்கில் 2.70. அம்மாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: தம்பி கட்டியிருப்பது மாமா மகளை, அவர் இப்போது ஐந்து மாதம்.

நான் பல வருடங்களாக இங்கே ஒரு மருத்துவமனையின் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அம்மாவை நேரில் பார்க்காமல் நோய் இன்னது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து இரண்டு விஷயம் உறுதியாகச் சொல்லலாம். ஒன்று, அம்மாவின் ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள்; ஒரு சிறுநீர்ப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. இரண்டு, உங்கள் வீட்டில் அவசரமாகப் பார்க்க வேண்டியது அம்மாவின் கழுத்தை அல்ல, தம்பி மனைவியின் கால்சியத்தை. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

நம் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம் எடைதான். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இவை ஹார்மோனைச் சுரந்து அதை ஏற்றும், கூடினால் அடங்கிவிடும். எவ்வளவு இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிவிப்பது, செல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் கால்சியம் உணர்வி என்ற புரதம். அந்த உணர்வி சுரப்பியில் மட்டும் இல்லை, சிறுநீரகத்திலும் இருக்கிறது. சிங்கப்பூர் வாசகருக்கு ஏர்கானை உதாரணம் காட்டினால் போதும்: ரிமோட்டில் 25 என்று வைத்திருந்தும் உள்ளே இருக்கும் சென்சார் பிசகி 28 ஆனபிறகுதான் குளிரூட்டத் தொடங்கினால், அறை எப்போதும் 28-லேயே நிற்கும். மெஷின் கெட்டுப்போகவில்லை, அதன் கணக்குதான் தப்பு. உணர்வியின் மரபணுவில் பிறவியிலேயே ஒரு மாற்றம் இருப்பவர்களுக்கு இதுதான் நடக்கிறது. கால்சியம் 2.7, 2.8 வந்தாலும் அவர்கள் உடம்புக்கு அது சரியான அளவாகவே தெரிகிறது. சுரப்பி அடங்குவதில்லை, சிறுநீரகமும் கூடுதல் கால்சியத்தை வெளியே விடாமல் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கூடுதல், சிறுநீரில் குறைவு, குடும்பத்தில் பலருக்கு. டாக்டர்கள் இதை ஃபெமிலியல் ஹைப்போகால்சியூரிக் ஹைப்பர்கால்சீமியா, சுருக்கமாக எஃப்.எச்.எச். என்பார்கள்.

1972-இல் இப்படி ஒரு குடும்பத்தை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். 1993-இல் உணர்வியின் மரபணு கிடைத்தது; அது 3-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பின்னாளில் வேறு இரண்டு மரபணுக்களும் இதே நிலையை உண்டாக்கும் என்று தெரிந்தது. பெரும்பாலான குடும்பங்களில் குற்றவாளி முதலாவதுதான். பெற்றோர் இருவரில் ஒருவருக்கு இருந்தால் போதும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

இப்போது பெரியம்மாவுக்கு ஏன் பலிக்கவில்லை என்பதற்கு வருகிறேன். சாதாரணமாக இந்த வயதில் கால்சியம் கூடுவதற்கு முக்கியக் காரணம், நான்கு சுரப்பிகளில் ஒன்று கட்டியாக வளர்ந்து சொல்பேச்சு கேட்காமல் சுரப்பதுதான். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. கைதேர்ந்த அறுவை மருத்துவரிடம் 95 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. மிக நல்ல ஆபரேஷன் அது, அதைப் பற்றிப் பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் எஃப்.எச்.எச். இருப்பவரிடம் எடுக்கக் கட்டி இல்லை. நான்கும் ஒரே கணக்கில் ஓடுகின்றன. ஒன்றை எடுத்தால் மீதி மூன்றும் பழைய அளவுக்கே கால்சியத்தைக் கொண்டுவந்துவிடும். மூன்றரை எடுத்தாலும் மிஞ்சிய அரைச் சுரப்பி அதையே செய்யும். நான்கையும் எடுத்துவிட்டால்? அப்போதும் சிறுநீரகத்தின் பிசகு போவதில்லை. சுரப்பி முழுவதும் போன எஃப்.எச்.எச். ஆட்களிடமும் சிறுநீரகம் கால்சியத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தது என்று 1983-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு முன்பே, 1980-இல், கழுத்து ஆபரேஷன் பலிக்காமல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்பட்டவர்களை ஆராய்ந்தபோது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு உண்மையில் இந்தப் பரம்பரை நிலைதான் இருந்தது. அதாவது பெரியம்மாவின் கதை நாற்பது வருடத்துக்கு மேலாக மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த கதை. தெரிந்தும் நடக்கிறது என்பதுதான் எனக்கு மனது கேட்காத விஷயம்.

பலிக்காததோடு போனால் பரவாயில்லை. நான்கு சுரப்பியும் போனால் கால்சியம் விழும். கை கால் விரல் மரமரப்பு, வாயைச் சுற்றிக் கூச்சம், தசை இழுப்பு. ஆயுள் முழுக்கக் கால்சியம் மாத்திரையும் கால்சிட்ரியால் என்ற விட்டமின் டி மருந்தும். குரல்வளைக்குப் போகும் நரம்பு பட்டுவிட்டால் குரல் கம்மிவிடும். நோயே இல்லாத ஒருவருக்கு நாம் நோயை உண்டாக்கிவிடுகிறோம். "நோயே இல்லாத" என்று தெரிந்துதான் எழுதுகிறேன்: எஃப்.எச்.எச். உள்ள பெரும்பாலோருக்குச் சிறுநீரகக் கல் வருவதில்லை, எலும்பு கரைவதில்லை, ஆயுளும் குறைவதில்லை. அவர்களுக்கு மருந்துகூட வேண்டாம்.

சரி, அம்மாவுக்கு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாராதைராய்டு ஹார்மோனை வைத்து முடியாது. கட்டி இருப்பவர்களிலும் சிலருக்கு அது எல்லைக்குள்ளேயே நிற்கும். ஸ்கேனை வைத்தும் முடியாது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அல்ட்ராசவுண்டும் அணு ஸ்கேனும் ஆபரேஷன் முடிவான பிறகு எந்தப் பக்கம் என்று காட்டுவதற்குத்தான். நோய் எது என்று சொல்வது அவற்றின் வேலை இல்லை. ஒரு தைராய்டு முடிச்சு, ஒரு நிணநீர்க் கட்டி, எல்லாமே "ஏதோ இருக்கலாம்" ஆகிவிடும்.

பதில் சிறுநீரில் இருக்கிறது. 24 மணி நேர சிறுநீரைச் சேர்த்து, அதில் கால்சியம், கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் ஒரு கழிவு) இரண்டையும் அளந்து, அதே சமயம் ரத்தத்திலும் இரண்டையும் அளக்க வேண்டும். பிறகு சிறுநீர்க் கால்சியத்தை ரத்தக் கிரியேட்டினினால் பெருக்கி, அதை ரத்தக் கால்சியம் பெருக்கல் சிறுநீர்க் கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணம்: சிறுநீரில் கால்சியம் 1.6 மில்லிமோல், கிரியேட்டினின் 8 மில்லிமோல். ரத்தத்தில் கால்சியம் 2.74, கிரியேட்டினின் 62. இந்த 62 மைக்ரோமோல், மற்றதெல்லாம் மில்லிமோல். அதனால் 0.062 என்று மாற்றிக்கொண்டுதான் போட வேண்டும். இங்கே சறுக்குபவர்கள் நிறைய. 1.6-ஐ 0.062-ஆல் பெருக்கினால் 0.0992. 2.74-ஐ 8-ஆல் பெருக்கினால் 21.92. வகுத்தால் 0.0045. 0.01-க்குக் கீழே வந்தால் எஃப்.எச்.எச். பக்கம் பலமாகச் சாய்கிறது. 0.02-க்கு மேலே என்றால் கட்டியின் பக்கம். நடுவில் விழுந்தால் இரண்டுமாகவும் இருக்கலாம், அங்கேதான் மரபணுப் பரிசோதனை கை கொடுக்கும்.

சேகரிப்பைச் சரியாகச் செய்யவில்லை என்றால் கணக்கு முழுக்க வீண். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரை டாய்லெட்டிலேயே விட்டுவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் பகல், இரவு எல்லாம் பாட்டிலுக்குள். மறுநாள் காலை அதே நேரத்தில் வருவதையும் சேர்த்துக்கொண்டு மூட வேண்டும். பாட்டிலில் அமிலம் ஊற்றிக் கொடுத்திருந்தால் நேராக அதில் போகக் கூடாது. ஒரு கப்பில் பிடித்து ஊற்றச் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெளியே போக வேண்டியில்லாத நாளாகப் பார்த்து ஆரம்பித்தால் அம்மாவுக்குச் சுலபம்.

அதற்கு முன் இரண்டு விஷயம் சரிபார்க்க வேண்டும். அம்மா ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைப் பட்டையைப் புரட்டிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, இண்டபமைடு என்று ஏதாவது இருக்கிறதா? கூட்டு மாத்திரைகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும். அந்த வகை மருந்து சிறுநீரில் கால்சியத்தைக் குறைத்து, ரத்தத்தில் ஏற்றிவிடும், எஃப்.எச்.எச். போலவே வேஷம் போடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டுச் சில வாரம் கழித்துப் பரிசோதிப்பார். மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியமும் இப்படிக் குழப்பும். அடுத்தது விட்டமின் டி. வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் அது எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். நம்முடைய மாநிறத் தோலுக்கு வெயில் அதிகம் வேண்டும், நாமோ எம்.ஆர்.டி., ஏர்கான், நிழல்பாதை என்று வெயிலே படாமல் நாளைக் கழிக்கிறோம். விட்டமின் டி குறைந்திருந்தால், உண்மையிலேயே கட்டி இருப்பவருக்கும் சிறுநீர்க் கால்சியம் குறைவாக வந்துவிடும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அளக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அதையும் சொல்லி வைக்கிறேன்.

காசு செலவில்லாத ஒரு துப்பும் இருக்கிறது. ஹெல்த்ஹப் செயலியில் அம்மாவின் பழைய முடிவுகளைத் தேடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய கோப்புகளையும் பாருங்கள். எஃப்.எச்.எச். பிறவியிலேயே வருவது. அம்மாவின் கால்சியம் முன்பு எப்போதாவது தெளிவாக நார்மலாக இருந்திருந்தால், அது இந்தப் பரம்பரை நிலை இல்லை என்பதற்கு நல்ல சாட்சி. அதேபோல் பத்து வயதுக்குக் கீழே உள்ள குடும்பக் குழந்தைக்குக் கால்சியம் கூடுதல் என்றால் எஃப்.எச்.எச். என்ற சந்தேகம் பலமாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. குடும்பத்தில் பலருக்குக் கால்சியம் கூடுதல் என்றாலே ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மென்-1 என்று ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. அது உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் 50 வயதுக்குள் பாராதைராய்டு பெரிதாகிவிடும். கணையத்திலும் பிட்யூட்டரியிலும்கூடக் கட்டி வரும். தாடை எலும்புக் கட்டியோடு வரும் இன்னொரு வகையில் பாராதைராய்டு புற்றுநோயாகவும் மாறலாம். இவற்றில் ஆபரேஷன்தான் முதல் சிகிச்சை. ஒன்றில் கத்தி தீங்கு, மற்றதில் கத்தி இல்லாவிட்டால் தீங்கு. பிரித்துக் காட்ட அந்த சிறுநீரும் தேவைப்பட்டால் மரபணுவும்தான் வழி. தம்பி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 50 வயதுக்குக் கீழே என்றாலே ஆபரேஷன் சிபாரிசு செய்யலாம் என்று சாதாரணக் கட்டிக்கான வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த விதியை மட்டும் பார்த்தால் எஃப்.எச்.எச். உள்ள இளைஞர்கள் எல்லோரும் ஆபரேஷன் மேஜைக்குப் போக வேண்டியதுதான்.

இனி தம்பி மனைவி. தயவுசெய்து இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

அம்மா, பெரியம்மா இருவருக்கும் எஃப்.எச்.எச். என்று வைத்துக்கொள்வோம். அது தாத்தா பாட்டியில் ஒருவரிடமிருந்து வந்தது. அப்படியானால் மாமாவுக்கும் வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவர் மகளுக்கு நான்கில் ஒன்று. தம்பிக்கு ஏற்கெனவே கால்சியம் கூடுதல். கணவன், மனைவி இருவருக்கும் அதே மாற்றம் இருந்தால் குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் பிசகான மரபணு வர நான்கில் ஒரு வாய்ப்பு. மொத்தமாகப் பார்த்தால் பதினாறில் ஒன்று. தூக்கம் கெட வேண்டிய எண் அல்ல, சும்மா விடக்கூடிய எண்ணும் அல்ல.

ஒரு பிரதி மட்டும் வந்தால் தொந்தரவில்லாத எஃப்.எச்.எச். இரண்டு பிரதியும் வந்தால் கதையே வேறு. குழந்தையின் உணர்வி ஏறக்குறைய வேலையே செய்யாது; பாராதைராய்டு கட்டுக்கடங்காமல் சுரக்கும். பிறந்த சில நாட்களில், வாரங்களில் குழந்தை துவண்டு போகும், பால் குடிக்காது, எடை ஏறாது. எலும்பிலிருந்து கால்சியம் உருவப்படுவதால் விலா எலும்புகள் முறியும், நெஞ்சுக்கூடு மெலிந்து மூச்சு திணறும். கால்சியம் 4, 5 என்றுகூடப் போகும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கும் மூளை வளர்ச்சிக்கும் ஆபத்து. இந்த உணர்விக் கோளாறில் அறுவை சிகிச்சைக்கு முக்கியமான இடம் இங்கேதான். நரம்பு வழியாகத் திரவம், எலும்பைக் காக்கப் பாமிட்ரோனேட், உணர்வியைத் தூண்டும் சினகால்செட் ஆகியவற்றால் குழந்தையை முதலில் நிலைப்படுத்துவார்கள். சினகால்செட்டுக்குச் சில குழந்தைகள் நன்றாகவே இணங்கும். எந்த மாற்றம் என்பதைப் பொறுத்தது. இணங்காவிட்டால் நான்கு சுரப்பிகளையும் முழுவதுமாக எடுத்துவிடுவார்கள். அதன்பின் ஆயுளுக்கும் கால்சியமும் விட்டமின் டி மருந்தும் தேவை, ஆனால் குழந்தை பிழைத்து வளரும். பெரியவருக்குத் தேவையில்லாத அதே ஆபரேஷன் அந்தக் குழந்தைக்கு உயிர் கொடுக்கும்.

முறைமாமன், முறைப்பெண் கல்யாணம் நம் குடும்பங்களில் புதிதல்ல, அதைக் குறை சொல்ல எனக்கு விருப்பமும் இல்லை. வீட்டில் இப்படி ஒரு நிலை இருப்பது தெரிந்தால், சம்பந்தம் பேசும்போது இரு பக்கமும் ஒரு கால்சியம் டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நான் சொல்வது. ஜாதகம் பார்ப்பவர்கள் இதையும் பார்க்கலாம்.

ஆகவே அடுத்த கர்ப்பப் பரிசோதனையிலேயே தம்பி மனைவியின் கால்சியத்தை அளக்கச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் ஆல்புமின் என்ற புரதம் குறைவதால் மொத்தக் கால்சியமும் குறைவாகத் தெரியும். அதனால் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் அயனிக் கால்சியத்தைப் பார்ப்பது நல்லது. அவருக்கு நார்மல் என்றால் இரட்டைப் பிரதி பயம் போய்விட்டது. அப்போதும் அப்பாவிடமிருந்து ஒரு பிரதி வந்த குழந்தைக்குப் பிறந்த புதிதில் பாராதைராய்டு சற்று அதிகமாகச் சுரக்கலாம், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். அவருக்கும் கூடுதல் என்றால் மகப்பேற்று மருத்துவரும் குழந்தை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் சேர்ந்து முன்கூட்டியே திட்டமிட வேண்டும். கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் அதற்கான குழந்தை மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. இன்னொரு பக்கமும் உண்டு: சுமக்கும் தாய்க்கு எஃப்.எச்.எச். இருந்து குழந்தைக்கு இல்லை என்றால், வயிற்றில் கூடுதல் கால்சியத்தில் வளர்ந்த குழந்தையின் சுரப்பிகள் தூங்கிப்போயிருக்கும். பிறந்தபின் கால்சியம் விழுந்து வலிப்புகூட வரலாம். எப்படியானாலும் குழந்தை பிறந்ததும் கால்சியம் பார்க்க வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களிலும் எஃப்.எச்.எச். இருந்து ஆபரேஷன் தேவைப்படுபவர்கள் மிகச் சிலர் உண்டு. கணைய அழற்சி திரும்பத் திரும்ப வருபவர்கள், கால்சியம் மிக அதிகமாகி உடம்பு படுத்துபவர்கள், எஃப்.எச்.எச்.-ஓடு தனியாக ஒரு கட்டியும் வந்துவிட்டவர்கள். அவர்களிலும் முதலில் சினகால்செட்டைக் கொடுத்துப் பார்ப்பதே இப்போதைய வழக்கம்.

அறுவை மருத்துவரிடம் எப்படிப் பேசுவது என்று தயங்க வேண்டாம். "அக்காவுக்கு ஆபரேஷன் செய்தும் கால்சியம் இறங்கவில்லை, மகனுக்கும் கூடுதல், 24 மணி நேர சிறுநீர் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா" என்று அம்மாவே கேட்கட்டும். குடும்பக் கதை தெரிந்தால் எந்த நல்ல அறுவை மருத்துவரும் நாளைத் தள்ளி வைப்பார். 2.74-இல் சில வாரம் காத்திருப்பதால் கெடுதல் இல்லை. வாந்தி, கடும் மலச்சிக்கல், குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தாகம் என்று வந்தால் மட்டும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எஃப்.எச்.எச். என்று உறுதியானால் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி ஒவ்வொருவரும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவிலும் ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்து வேறொரு டாக்டர் அதே கால்சியத்தைப் பார்த்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். மரபணுப் பரிசோதனையால் காப்புறுதி போய்விடுமோ என்று தம்பி பயப்படலாம். 27 அக்டோபர் 2021 முதல் இங்கே ஒரு தடை நடப்பில் இருக்கிறது: அறிகுறி இல்லாதவர் முன்கூட்டியே எடுக்கும் மரபணுப் பரிசோதனையைக் காப்புறுதி நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. ஏற்கெனவே தெரியும் கோளாறை உறுதிசெய்ய எடுக்கும் பரிசோதனை அந்தப் பாதுகாப்புக்குள் வராது. தம்பியின் கால்சியம் ஏற்கெனவே கூடுதல் என்பதால், எடுப்பதற்கு முன் மரபணு ஆலோசகரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பெரியம்மாவிடமும் ஒரு வேலை இருக்கிறது. எடுத்த சுரப்பியின் திசுப் பரிசோதனை அறிக்கையை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒற்றைக் கட்டி என்று எழுதியிருக்கிறதா, நார்மல் சுரப்பி அல்லது லேசாகப் பெருத்த சுரப்பி என்று எழுதியிருக்கிறதா என்பது அம்மாவின் மருத்துவருக்குப் பெரிய உதவி. ஊரில் கால்சியத்தை மில்லிகிராமில் கொடுத்திருப்பார்கள்; 4-ஆல் வகுத்தால் நம் கணக்குக்கு வந்துவிடும், 11 என்றால் ஏறக்குறைய 2.75. இன்னொரு ஆபரேஷன் செய்து மீதியையும் எடுக்கலாம் என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால், அம்மாவின் சிறுநீர் முடிவு வரும்வரை அவரையும் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.